வராத முன்பல்லும் எலும்புக்குள் மறைந்திருக்கும் மேலதிகப் பல்லும்

ஏழு வயதுப் பிள்ளைக்கு மேல் முன்பற்கள் இரண்டும் விழுந்துவிட்டன. கூரைக்கு மேலே எறிந்து அணிலிடம் புதுப்பல் கேட்டாயிற்று. ஒன்று முளைத்துவிட்டது, மற்றது வரவில்லை. ஒரு வருடம் போகிறது. "சிலருக்குப் பிந்தித்தான் வரும்" என்கிறார் அம்மம்மா. "சின்னனில விழுந்து அடிபட்டதால வேர் செத்திருக்கும்" என்கிறார் அயலவர். இரண்டும் சில வேளைகளில் உண்மையாக இருக்கலாம். ஆனால் மேல் முன்பல் உரிய காலத்தில் முளைக்காமல் போவதற்கு மிகப் பொதுவான காரணங்களில் ஒன்று, அதன் வழியை மறித்துக்கொண்டு தாடை எலும்புக்குள் கிடக்கும் இன்னொரு பல். கணக்குக்கு மேலாக உருவாகிவிட்ட பல் அது. வாயைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் தெரியாது. எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும்.

மனிதருக்குப் பாற்பற்கள் 20, நிரந்தரப் பற்கள் 32. இந்தக் கணக்கை மீறி உருவாகும் எந்தப் பல்லும் மேலதிகப் பல் எனப்படும். நிரந்தரப் பற்கள் முளைக்கும் வயதில் நூறு பிள்ளைகளைப் பார்த்தால் ஒருவர் முதல் மூன்று பேர் வரையில் இது இருக்கும். ஆண் பிள்ளைகளில் பெண் பிள்ளைகளை விட ஏறக்குறைய இரு மடங்கு. பாற்பற்களில் இது அரிது. அப்படி அரிதாக வந்தவர்களுக்கு நிரந்தரப் பற்களிலும் மேலதிகப் பல் இருக்கும் வாய்ப்பு அதிகம். எனவே மூன்று, நான்கு வயதில் முன்வரிசையில் ஒரு பல் கூடுதலாக இருந்ததை நீங்கள் கவனித்திருந்தால், அதை ஏழு வயதில் பல் வைத்தியரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

எங்கள் கிராமங்களில் பல் வலித்தால்தான் பல் வைத்தியரிடம் போவது வழக்கம். மேலதிகப் பல் வலிக்காது. பிள்ளை சாப்பிடும், விளையாடும், பாடசாலைக்குப் போகும். அன்றாடக் கூலியை நம்பியிருக்கும் தாய்க்கு, வலிக்காத பல்லுக்காக ஒரு நாள் வேலையை விட்டுப் பஸ் ஏறுவது வீண் செலவாகத்தான் தோன்றும். அப்படிக் கழியும் ஒன்றிரண்டு வருடங்களில்தான் பக்கத்துப் பற்கள் சரிந்து வெற்றிடத்தை அடைத்துவிடுகின்றன. உள்ளே காத்திருக்கும் முன்பல்லின் வேரும் வளர்ந்து முடிகிறது. பிறகு அது தானாக இறங்கி வரும் வேகம் குறைந்துவிடும்.

எப்போது சந்தேகிக்க வேண்டும்

கீழ் முன்பற்கள் 6 முதல் 7 வயதிற்குள் முளைக்கும். மேலே நடுவில் உள்ள இரண்டு பெரிய முன்பற்களும் 7 முதல் 8 வயதிற்குள், அவற்றின் இரு பக்கமும் உள்ள சிறிய பற்கள் 8 முதல் 9 வயதிற்குள் வரும். சில மாதங்கள் முன்பின்னாக இருப்பது சாதாரணம். ஆகவே வயதைப் பார்ப்பதை விடச் சோடிப் பல்லைப் பார்ப்பது நல்லது. ஒரு பக்க முன்பல் வந்து ஆறு மாதம் கழிந்தும் மற்றது வரவில்லையானால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். கீழ் முன்பற்கள் வந்து ஒரு வருடத்திற்கு மேலாகியும் மேலே இரண்டுமே வரவில்லையானாலும் அப்படியே. நடுப்பல் வருவதற்கு முன்பே பக்கப் பல் வந்துவிட்டால் அதுவும் ஓர் அடையாளம். வரிசை மாறி முளைப்பது சும்மா நடப்பதில்லை.

வேறு சில குறிகளும் உண்டு. பாற்பல் விழவேண்டிய காலம் கடந்தும் ஆடாமல் இறுகி நிற்பது, இரண்டு முன்பற்களுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருப்பது, ஒரு முன்பல் திரும்பி அல்லது சரிந்து முளைப்பது, முன்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் கூம்பு வடிவில் சிறு முனையொன்று எட்டிப் பார்ப்பது. கடைசியில் சொன்னதை அதிஷ்டப் பல் என்று சொல்லி விட்டுவிடுபவர்களும் இருக்கிறார்கள். எட்டிப் பார்க்கும் பல் உண்மையில் வைத்தியருக்குத்தான் அதிஷ்டம். அது வெளியில் வந்துவிட்டதால் சத்திரசிகிச்சை இல்லாமல் சாதாரணப் பல் போலப் பிடுங்கிவிடலாம்.

அயலவர் சொன்ன அடிபட்ட கதையையும் தள்ளிவிடக் கூடாது. இரண்டு, மூன்று வயதில் விழுந்து பாற்பல் முரசுக்குள் குத்தி ஏறியிருந்தால், அதற்கு மேலே உருவாகிக்கொண்டிருந்த நிரந்தரப் பல் வளைந்து போயிருக்கலாம். அதற்கான சிகிச்சை வேறு. எனவே அப்படி ஏதும் நடந்திருந்தால் எத்தனை வயதில், எந்தப் பல் என்று நினைவுபடுத்திச் சொல்வது வைத்தியருக்குப் பெரிய உதவி.

பாடசாலைப் பற்சிகிச்சை நிலையம் இருக்கும் பாடசாலைகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு வழி இலகு. அங்குள்ள பற்சிகிச்சையாளர் இதைக் கண்டுபிடித்து வைத்தியசாலைக்குக் கடிதம் கொடுப்பார். அந்த வசதி இல்லாவிட்டால், அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவுக்கு நேரடியாகப் போகலாம். அங்கிருந்து பற்சீரமைப்பு வைத்திய நிபுணரிடமோ வாய் முக சத்திரசிகிச்சை நிபுணரிடமோ அனுப்புவார்கள். அரச வைத்தியசாலையில் இந்தச் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. பயணமும் காத்திருப்பும்தான் செலவு. காத்திருப்போர் பட்டியல் நீண்டதாக இருக்கலாம் என்பதால், முதற் கடிதத்தை வேளைக்கு எடுத்துவிடுவது புத்தி.

ஏன் வருகிறது

பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே பற்களுக்கான விதைகள் தாடைக்குள் உருவாகத் தொடங்குகின்றன. பற்களை உருவாக்கும் மெல்லிய இழையத்தின் ஒரு பகுதி, வேலை முடிந்த பிறகும் ஓயாமல் இன்னொரு பல்லை உருவாக்கிவிடுவதே மேலதிகப் பல்லுக்குக் காரணம் என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விளக்கம். பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு. தகப்பனுக்கோ சகோதரருக்கோ இருந்திருந்தால் பிள்ளைக்கும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது.

கர்ப்ப காலத்தைப் பதுங்குகுழியிலும் இடப்பெயர்விலும் கழித்த தாய்மார், பிள்ளைக்கு என்ன குறை கண்டாலும் அந்த நாட்களை நினைத்துத் தங்களையே நோவதுண்டு. குண்டுப் புகையா, சாப்பாடில்லாமல் கிடந்ததா என்று கேட்பார்கள். மேலதிகப் பல் போரையே காணாத நாடுகளிலும் மேலே சொன்ன அதே அளவில் காணப்படுகிறது. அந்தத் தாய்மார் எதையும் செய்ததாலோ செய்யாமல் விட்டதாலோ இது வரவில்லை.

பத்தில் எட்டு, ஒன்பது மேலதிகப் பற்கள் மேல் தாடையின் முன்பகுதியில்தான் இருக்கும். இரண்டு முன்பற்களுக்கும் நடுவில் இருப்பதை மீசியோடென்ஸ் என்பார்கள். வடிவத்தைப் பொறுத்து அதன் குணம் மாறுகிறது. கூம்பு வடிவில் உள்ளவை பெரும்பாலும் முன்பல்லைத் தள்ளி இடைவெளியை உண்டாக்கும். முளைப்பதை அவ்வளவாகத் தடுக்காது. சில தலைகீழாகத் திரும்பி, முனை மூக்கை நோக்கியபடி கிடக்கும். பல முனைகளோடு பீப்பாய் போலத் தடித்திருப்பவை வேறு ரகம். இவை அனேகமாக முன்பல்லுக்குப் பின்புறம், அண்ணப் பக்கமாக, சில வேளை இரண்டாகச் சோடி சேர்ந்து கிடக்கும். தாமாக முளைப்பது அரிது. முன்பல்லை வரவிடாமல் மறிப்பதில் முதலிடம் இவற்றுக்குத்தான்.

பிளவுபட்ட உதடு அல்லது அண்ணத்தோடு பிறந்த பிள்ளைகளுக்குப் பிளவின் அருகில் மேலதிகப் பல் இருப்பது அடிக்கடி நடப்பது. தாடையின் பல இடங்களில் பல மேலதிகப் பற்கள் இருந்தால் மட்டும் வைத்தியர்கள் உடம்பின் மற்றப் பகுதிகளையும் பார்ப்பார்கள். காறை எலும்பு வளராமல், இரண்டு தோள்களையும் முன்னால் ஒன்றோடொன்று சேர்க்கக்கூடியதாக இருக்கும் அரிய பரம்பரை நிலையொன்றில் இப்படிக் காணப்படும். ஒற்றை மேலதிகப் பல் உள்ள பிள்ளையின் பெற்றோர் இதையிட்டுக் கவலைப்படத் தேவையில்லை.

எக்ஸ்ரே ஏன் ஒன்றுக்கு மேல்

"ஒரு படம் எடுத்தாச்சு, பிறகு ஏன் இன்னொன்று" என்று பெற்றோர் கேட்பது நியாயம். முகத்தைச் சுற்றி வந்து இரண்டு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயில் பற்கள் எல்லாம் தெரியும். ஆனால் முன்பற்களின் நடுப்பகுதி அதில் மங்கலாக விழுவதுண்டு. அந்த மங்கலுக்குள்தான் மீசியோடென்ஸ் ஒளிந்திருக்கும். ஆகவே வாய்க்குள் வைத்து எடுக்கும் சிறிய படமும் தேவைப்படுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. எக்ஸ்ரே தட்டையானது. பல் உதட்டுப் பக்கம் இருக்கிறதா, அண்ணப் பக்கம் இருக்கிறதா என்று ஒரு படம் சொல்லாது. அது தெரியாமல் எந்தப் பக்கம் முரசைத் திறப்பது? இதற்கு ஓர் எளிய உத்தி இருக்கிறது. வீதியில் நடந்துகொண்டே பக்கத்து வேலியையும் அதற்கப்பால் தூரத்தில் நிற்கும் பனையையும் பாருங்கள். நீங்கள் நடக்கும் திசையிலேயே பனையும் கூட வருவது போலவும், வேலிக் கதியால்கள் பின்னோக்கிப் போவது போலவும் தோன்றும். எக்ஸ்ரே குழாயைச் சற்று நகர்த்தி இரண்டாவது படம் எடுத்தால், தூரத்தில் அதாவது அண்ணப் பக்கம் இருக்கும் பல் குழாய் போன திசையிலேயே நகர்ந்திருக்கும். உதட்டுப் பக்கம் இருப்பது எதிர்த் திசையில் போயிருக்கும். இரண்டு படங்களையும் ஒப்பிட்டு இடத்தைச் சொல்லிவிடலாம். வேருக்கு மிக அருகில் இருந்தால் சி.பி.சி.ரி. எனும் முப்பரிமாண ஸ்கான் கேட்பார்கள். அதில் கதிர்வீச்சு சற்று அதிகம் என்பதால் எல்லாப் பிள்ளைகளுக்கும் எடுப்பதில்லை. சாதாரணப் பல் எக்ஸ்ரேக்களில் உள்ள கதிர்வீச்சு, நாம் எல்லோரும் இயற்கையிலிருந்து ஒரு சில நாட்களில் பெறும் அளவுக்கு மேற்போகாது.

எடுக்க வேண்டுமா, எப்போது

எக்ஸ்ரேயில் கண்ட மேலதிகப் பல்லையெல்லாம் எடுக்க வேண்டும் என்றில்லை. முன்பற்கள் ஒழுங்காக முளைத்துவிட்டன, இடைவெளியோ திருப்பமோ இல்லை, பல்லைச் சுற்றி நீர்க்கட்டியின் அடையாளமும் இல்லை என்றால், விட்டுவிட்டுக் காலத்துக்குக் காலம் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதே போதும். மேலே உயரத்தில் தலைகீழாகக் கிடக்கும் சில பற்களை எடுக்கப் போவதால் வரும் ஆபத்து, விட்டுவைப்பதால் வரும் ஆபத்தை விடப் பெரிதாக இருக்கும்.

எடுத்தே ஆக வேண்டிய நிலைகள் இவை: முன்பல் முளைப்பதை மறிப்பது, முன்பல்லைத் திருப்பி அல்லது தள்ளி வைப்பது, பக்கத்துப் பல்லின் வேரைக் கரைப்பது, தன்னைச் சுற்றி நீர்க்கட்டியை உண்டாக்குவது, பற்களுக்குக் கம்பி போட்டுச் சீராக்கும்போது வழியில் நிற்பது. கடைசி மூன்றும் குறைவாகவே நடப்பவை. பிள்ளைகளில் பெரும்பாலும் முதலிரண்டும்தான்.

எந்த வயதில் என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கிறது. ஆறு, ஏழு வயதிலேயே எடுத்துவிட்டால் முன்பல் தன் சொந்த விசையில் இறங்கி வரும், பக்கத்துப் பற்கள் சரியாது என்பது ஒரு கட்சி. அந்த வயதில் முன்பல்லின் வேர் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது, கருவி பட்டால் வேர் வளர்ச்சி நின்றுவிடும், வேர் முடியும் வரை, அதாவது பத்து வயதளவு வரை, பொறுக்கலாம் என்பது மற்றக் கட்சி. நடைமுறையில் பலர் நடுவழியில் போகிறார்கள். முன்பல்லை மறிக்கிறது என்று உறுதியானால் தாமதிக்காமல் எடுக்கிறார்கள். மறிக்காவிட்டால் வேர் முடியும் வரை பார்த்திருக்கிறார்கள். ஆகவே ஒரு வைத்தியர் "இப்போதே" என்றும் இன்னொருவர் "இரண்டு வருடம் போகட்டும்" என்றும் சொன்னால் அவர்களில் ஒருவர் பிழை என்று எண்ண வேண்டாம். "இது முன்பல்லை மறிக்கிறதா?" என்று கேளுங்கள். அதற்குக் கிடைக்கும் பதிலிலிருந்து காரணம் விளங்கும். "பார்த்திருக்கலாம்" என்று சொல்லி அடுத்த திகதி தந்தால், அந்தத் திகதிக்குப் போவதும் சிகிச்சைதான்.

சத்திரசிகிச்சை நடக்கும் விதம்

பத்து வயதுக்கு மேற்பட்ட, பொறுமையாக இருக்கக்கூடிய பிள்ளையாகவும், பல் மேலோட்டமாகவும் இருந்தால் விறைப்பூசி போட்டே செய்துவிடலாம். சிறிய பிள்ளைகளுக்கும், பல் ஆழத்தில் உள்ளவர்களுக்கும் முழு மயக்கம் கொடுத்துச் சத்திரசிகிச்சைக் கூடத்தில் செய்வார்கள். பிள்ளைக்கு எதுவும் தெரியாது, வலிக்காது.

பல் அனேகமாக அண்ணப் பக்கம் இருப்பதால் அந்தப் பக்கமாகத்தான் திறப்பார்கள். வெளியே முகத்தில் எந்த வெட்டும் இல்லை, தழும்பும் இருக்காது. முன்பற்களின் பின்புறம், பல்லும் முரசும் சேரும் ஓரமாக வெட்டி, அண்ணத்துத் தசையை ஒரு மடிப்பாக மெதுவாக உயர்த்துவார்கள். கீழே மேலதிகப் பல்லை மூடியிருக்கும் எலும்பைச் சுழலும் சிறு கருவியால், சேலைன் நீர் ஊற்றிச் சூடேறாமல், தேவையான அளவு மட்டும் அகற்றுவார்கள். பல் தெரிந்ததும் நெம்பி எடுப்பார்கள். இடம் போதாவிட்டால் பல்லை இரண்டாக வெட்டி எடுப்பார்கள். எலும்பை அதிகம் குறைக்காமல் இருக்க இதுவே நல்ல வழி. பல்லைச் சுற்றியுள்ள பையையும் எடுத்துவிட்டு, மடிப்பைப் பழையபடி வைத்துத் தைப்பார்கள். தையல் தானாகவே கரைந்துபோகும். உள்ளே கிடக்கும் முன்பல் அதிக உயரத்தில் இருந்தால், அதே வேளையில் அதன் மேல் ஒரு சிறு சங்கிலியை ஒட்டிவைத்து, பின்னர் கம்பி போட்டு மெல்ல இழுத்து இறக்குவதும் உண்டு.

அபாயமே இல்லாத சத்திரசிகிச்சை என்று ஒன்றில்லை. இரத்தக் கசிவு, வீக்கம், கிருமித் தொற்று ஆகியவை வரலாம், வந்தாலும் கட்டுப்படுத்தக்கூடியவை. முன்பற்களுக்குப் பின்னால் அண்ணத்திற்கு உணர்வு தரும் சிறு நரம்பு இந்த வழியில்தான் இருக்கிறது. அது வெட்டுப்பட்டால் அந்த இடம் சில காலம் விறைத்திருக்கும், பிள்ளைகள் பெரும்பாலும் அதைக் கவனிப்பதுகூட இல்லை. பாரதூரமானது முன்பல்லின் வேருக்குப் படும் சேதம். அது அரிது, ஆனால் நடக்கக்கூடியது. கையொப்பமிடும் முன் அதைப் பற்றித்தான் கேட்க வேண்டும். படிவமோ விளக்கமோ உங்களுக்கு விளங்காத மொழியில் இருந்தால், தமிழில் விளங்கப்படுத்தும்படி கேட்பது உங்கள் உரிமை. பிள்ளையை வளர்ப்பவர் பெற்றோர் அல்லாமல் பேர்த்தியாரோ பெரியம்மாவோ என்றால், ஒப்புதலில் யார் கையொப்பமிட வேண்டும், என்ன ஆவணம் தேவை என்பதை முதல் கிளினிக் நாளிலேயே கேட்டுவிட வேண்டும். சத்திரசிகிச்சை நாளன்று காலையில் இந்தக் கேள்வி எழுந்து, பிள்ளை வெறுவயிற்றோடு திரும்பி வரக் கூடாது.

பயம்

வன்னியில் 2009 ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் பாடசாலைக் கட்டடங்களிலும் கூடாரங்களிலும் இயங்கிய தற்காலிக வைத்தியசாலைகளில் மயக்க மருந்து உட்பட அடிப்படை மருந்துகளுக்கே தட்டுப்பாடு நிலவியது. அங்கு காயத்தோடு கிடந்தவர்கள், பக்கத்தில் கிடந்தவர்களின் அலறலைக் கேட்டவர்கள் பலர் இன்று தாய் தகப்பன்மார். "பிள்ளையை ஒப்பரேசனுக்கு விட மாட்டேன்" என்று அவர்கள் சொன்னால் அது அறியாமை இல்லை. அவர்கள் கண்டது அப்படி. கிளினிக்கில் இருப்பவர்கள் அதை விளங்கிக்கொண்டு கதைப்பது நல்லது. பெற்றோரும் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடலாம்.

இன்றைய சத்திரசிகிச்சைக் கூடத்தில் பிள்ளையின் தலைமாட்டில் மயக்க மருந்து வைத்தியர் முழு நேரமும் நிற்பார். மூச்சு, நாடித் துடிப்பு, இரத்தத்தில் உள்ள ஒட்சிசன் மூன்றையும் இயந்திரம் கணத்துக்குக் கணம் காட்டிக்கொண்டிருக்கும். அவர் முன்கூட்டியே சில கேள்விகள் கேட்பார். குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் பிரச்சினை வந்ததா என்பது அதில் முக்கியமானது. சில ஆபத்தான எதிர்விளைவுகள் பரம்பரையாக வருபவை. பழைய வைத்தியக் குறிப்புகள் எல்லாம் இடப்பெயர்வில் போய்விட்ட குடும்பங்களில் நினைவு ஒன்றுதான் ஆவணம். மாமாவுக்கோ சித்திக்கோ ஒப்பரேசனில் என்ன நடந்தது என்று வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு அறிந்துகொண்டு போங்கள். தொய்வு, இருதய நோய், இரத்தம் உறையாத குறை, மருந்து ஒவ்வாமை, ஆடிக்கொண்டிருக்கும் பாற்பல் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். ஆடும் பல் மயக்கத்தில் கழன்று மூச்சுக் குழாய்க்குள் போய்விடக்கூடும். தடிமன், காய்ச்சல் இருந்தாலும் மறைக்க வேண்டாம். சத்திரசிகிச்சை இரண்டொரு கிழமை தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

மயக்கத்துக்கு முன் ஆறு மணித்தியாலம் சாப்பாடும் பாலும் கூடாது. தெளிந்த தண்ணீர் மட்டும் இரண்டு மணித்தியாலம் முன்பு வரை குடிக்கலாம். வயிற்றில் உள்ளது மயக்கத்தில் மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிராபத்து. பிள்ளை பசியில் அழுகிறதே என்று பேர்த்தியார் ஒளித்துக் கொடுக்கும் ஒரு பிஸ்கட்டால் சத்திரசிகிச்சை அன்று நின்றுபோகும். கொடுத்துவிட்டால் உண்மையைச் சொல்லிவிடுவதே பாதுகாப்பு.

பிள்ளைக்கு என்ன சொல்வது? "ஊசியே இல்லை, ஒன்றும் செய்ய மாட்டார்கள்" என்ற பொய் வேண்டாம். நித்திரை வரும், எழும்பும்போது வாய் ஒரு மாதிரி இருக்கும், அம்மா பக்கத்தில் இருப்பேன் என்ற மூன்றும் போதும். கண் விழிக்கும்போது பிள்ளை அரை மணித்தியாலம் போலக் குழம்பி அழக்கூடும். மயக்க மருந்து கலையும்போது இப்படி நடப்பது வழமை.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் நாள் எச்சிலில் இரத்தம் கலந்து வரும். அதற்குப் பயப்படத் தேவையில்லை. கொப்பளிக்கவும் துப்பிக்கொண்டிருக்கவும் விட வேண்டாம். உறைந்த இரத்தம் கழன்றால் மீண்டும் கசியும். சூடான எதுவும் கூடாது. யோகட், ஐஸ்கிரீம், ஆறிய கஞ்சி, சொதியில் நன்றாக ஊறிய இடியப்பம், குழைத்த சோறு கொடுக்கலாம். உறைப்பு வேண்டாம். மறுநாளிலிருந்து ஒரு தம்ளர் இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்துச் சாப்பாட்டுக்குப் பின் மெதுவாகக் கொப்பளிக்கலாம். தையல் உள்ள இடத்தை விட்டு மற்றப் பற்களை வழமை போலத் துலக்க வேண்டும். மேலுதடு இரண்டாம், மூன்றாம் நாளில்தான் அதிகம் வீங்கும், பிறகு வற்றும். அழுத்திப் பிடித்தும் நிற்காமல் இரத்தம் ஓடினாலோ, மூன்று நாட்களுக்குப் பின் வலியும் வீக்கமும் கூடினாலோ, சீழ் கண்டாலோ, காய்ச்சல் வந்தாலோ வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டும். இரவில் வாகனம் இல்லாவிட்டால் 1990 இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

வலிக்குப் பரசிட்டமோல் போதும். பிள்ளையின் நிறையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு நான்கு தடவைக்கு மேற்படாமல் என்பது கணக்கு. 20 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 300 மில்லிகிராம். பெரியவர்களின் மாத்திரை ஒன்றில் 500 மில்லிகிராம் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். வைத்தியர் வேறு அளவு எழுதியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். அஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடாது. மாரி மழைக்குப் பின் டெங்கு பரவும் மாதங்களில் இன்னும் கவனம் வேண்டும். இபுபுரூபன், டைக்ளோபெனக் போன்றவை டெங்குக் காய்ச்சலில் இரத்தக் கசிவைக் கூட்டக்கூடியவை. சத்திரசிகிச்சைக்குப் பின் வந்த காய்ச்சல் எல்லாம் பல்லால் வந்தது என்று எண்ணி அவற்றைக் கொடுத்துக்கொண்டிருக்காமல் இரத்தப் பரிசோதனை செய்விக்க வேண்டும்.

அதன் பிறகு காத்திருப்பு. தடையை எடுத்த பின், இடமும் போதுமானதாக இருந்தால், பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளில் முன்பல் தானாகவே இறங்கி வரும். ஆனால் நாளைக்கே வராது. ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகலாம். பல் வரவில்லை, ஒப்பரேசன் பிழைத்துவிட்டது என்று நான்கு மாதத்தில் மனம் விட்டுக் கிளினிக் போவதை நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள். கிளினிக் திகதிகள் இருப்பது இதற்காகத்தான். இடம் சுருங்குகிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் கழற்றி மாட்டும் தட்டொன்றைப் போட்டு இடத்தைக் காப்பார்கள். ஒன்றரை வருடமாகியும் வராவிட்டால் முரசைத் திறந்து, சங்கிலி ஒட்டி இழுக்கும் அடுத்த கட்டத்துக்குப் போவார்கள்.

அந்த வயதைத் தவறவிட்டவர்களுக்கு

2008, 2009 ஆம் ஆண்டுகளில் ஏழு, எட்டு வயதாக இருந்தவர்கள் இன்று இருபது வயதுகளில் இருக்கிறார்கள். வன்னியிலிருந்து வெளியேறிய ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் செட்டிகுளம் மெனிக் பாம் உள்ளிட்ட முகாம்களில் இருந்த காலம் அது. உயிரோடு இருக்கிறார்களா என்று தேடிக்கொண்டிருந்த நேரத்தில், முன்பல் ஏன் முளைக்கவில்லை என்று பார்க்க யாருக்கும் அவகாசம் இருக்கவில்லை. சிரிக்கும்போது கையால் வாயை மறைக்கும் பழக்கம் சிலருக்கு அப்போது தொடங்கியது.

அவர்களுக்கும் வழி உண்டு, ஆனால் பிள்ளைகளுக்கான வழி அல்ல. முன்பற்கள் முளைத்து, நடுவில் இடைவெளி மட்டும் இருந்து, எக்ஸ்ரேயில் மேலதிகப் பல் தெரிந்தால், தொந்தரவில்லாதவரை அதை விட்டுவைக்கலாம். கம்பி போட்டு இடைவெளியை மூடுவதானால் எடுக்க வேண்டியிருக்கும். பெரியவர்களில் இதை விறைப்பூசியோடு செய்யலாம். முன்பல்லே உள்ளே தங்கிவிட்டவர்களில் அதை இழுத்து இறக்குவது கடினம். நீண்ட காலம் கிடந்த பல் எலும்போடு ஒட்டிப்போயிருக்கக்கூடும். அப்போது அதை எடுத்துவிட்டோ விட்டுவைத்தோ வெற்றிடத்தைச் செயற்கைப் பல்லால் நிரப்புவார்கள்.

முகத்திலோ கழுத்திலோ எறிகணைச் சிதறல் உள்ளவர்கள் எக்ஸ்ரே எடுக்குமுன் அதைச் சொல்லிவிட வேண்டும். எக்ஸ்ரேயால் அதற்கு ஆபத்து இல்லை. ஆனால் உலோகத் துண்டு பல்லை விட வெள்ளையாக விழும். முப்பரிமாண ஸ்கானில் அதைச் சுற்றிக் கீற்றுகள் தோன்றிப் படத்தைக் குழப்பும். எம்.ஆர்.ஐ. ஸ்கான் என்று எப்போதாவது எழுதிக் கொடுத்தால், அங்கே கட்டாயம் சொல்ல வேண்டும். காந்தம் உள்ளேயிருக்கும் துண்டை அசைக்கக்கூடும்.

தங்களுக்கு மேலதிகப் பல் இருந்ததென்று இப்போது அறிந்துகொள்ளும் இளம் பெற்றோர், தங்கள் பிள்ளை ஏழு வயதை அடையும்போது அதைப் பாடசாலைப் பற்சிகிச்சையாளரிடம் சொல்லி, பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டிலும் எழுதுவித்துக்கொள்ளலாம்.